நாய்க்குட்டிப் பல் பட்டாலும் கடிதான்



கொழுந்து மலையில் குளவி கலைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். கொட்டுப்பட்டவரை நாலு பேர் சேர்ந்து தூக்கி, லொறியோ வேனோ எது கிடைக்கிறதோ அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். அன்றைய பேர் போகுமா, அரைப்பேர் விழுமா என்று அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அது சரியான காரியம்.

அதே நாம், லயத்து வாசலில் ஒரு குட்டிநாய் பிள்ளையின் விரலில் பல் பதித்தால் என்ன செய்கிறோம்? "குட்டிதானே, வெளயாடுது" என்கிறோம். ரத்தம் வந்தால் கொஞ்சம் காப்பித்தூளை அப்பிவிடுகிறோம். மறுநாள் மறந்துபோகிறோம்.

குளவி கொட்டியும் பிழைத்து வந்தவர்கள் நம் தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். விசர்நாய்க்கடி நோய் உடம்பில் வெளிப்பட்ட பிறகு பிழைத்து வந்தவரை நான் பார்த்ததில்லை. உலகம் முழுவதும் தேடினாலும் கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலர்தான். ஆனால் கடிபட்டவுடனே செய்ய வேண்டியதைச் செய்தால் இந்த நோய் வராமலே தடுத்துவிடலாம். இந்த முறை சுகாதாரப் பாடம் அதைப் பற்றித்தான். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் கேட்க வேண்டிய விஷயம்.

பாவாடைக்குள் மறைத்த கை

நான் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் பல வருஷமாக வேலை செய்கிறவன். ஒருநாள் காலையில் ஒரு தாய் கைக்குழந்தையின் இருமலுக்கு மருந்து எடுக்க வந்தார். கூடவே ஏழு வயது மகளும் வந்திருந்தாள். மருந்தை ஊற்றிக்கொண்டே, "வீட்டுல மத்தவங்க எல்லாம் சொகமா அம்மா?" என்று கேட்டேன்.

"சொகந்தாங்க ஐயா. பெரியவன் ரோட்டுலேருந்து ஒரு குட்டிநாய் தூக்கியாந்தான். அதுதான் போன கெழம செத்துப்போச்சி. புள்ளைக அழுதுக்கிட்டே கெடந்திச்சிங்க."

"எப்படிச் செத்திச்சி?"

"தெரியலிங்களே. ஒண்ணுமே திங்கல. இருட்டுக்குள்ள போயிப் படுத்துக்கிச்சி. வாயிலேருந்து எச்சி வடிஞ்சிக்கிட்டே இருந்திச்சி. தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சாக்கும்னு அவுங்க அப்பா வாயத் தொறந்து விரல விட்டுப் பாத்தாரு. எலும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணாம் நாளு செத்துருச்சி. மரக்கறித் தோட்டத்துல பொதச்சிட்டோம்."

என் கையில் இருந்த போத்தலைக் கீழே வைத்தேன். "யாரையாவது கடிச்சிச்சா அம்மா?"

"கடிக்கலிங்க. குட்டிதானே ஐயா."

அப்போதுதான் அந்த மகளைப் பார்த்தேன். வலது கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். "பாப்பா, கையக் காட்டும்மா" என்றேன். தரவில்லை. தாய் பிடித்து இழுத்தார். ஆள்காட்டி விரல் நுனியில் காய்ந்துபோன இரண்டு சின்னப் புள்ளிகள். ஊசி குத்தியது மாதிரி.

"என்னாடி இது? எப்ப கடிச்சிச்சி? ஏன்டி சொல்லல?"

"அப்பா ஏசுவாரு... குட்டிய தூக்கிப் போட்டுருவாரு..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தத் தாய்க்குக் கோபம். அடிக்கக் கை ஓங்கினார். நான்தான் தடுத்தேன். அடித்தால் இனி எந்தக் கடியையும் அந்தப் பிள்ளை சொல்லாது. அதோடு, நான் அப்படிக் கிண்டிக் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். கையில் ஒரு இடம் விறுவிறுவென்று குத்துது, காய்ச்சலும் இருக்கு என்றார். காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் அதே இடத்தில் ஒரு நாய் கடித்ததை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாளில் தண்ணீர்க் கோப்பையைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொண்டது. பிறகு அவரைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை. அன்றைக்கு நான் கேட்டிருந்தாலும் நேரம் கடந்துபோயிருந்தது உண்மை. ஆனாலும் அன்றிலிருந்து யார் எதற்கு வந்தாலும் வீட்டு நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன்.

கடி யாரைத் தேடி வருகிறது?

கடிபட்டு வருகிறவர்களுக்கு என்று டிஸ்பென்சரியில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். யார், என்ன வயது, எந்த இடம், எந்த நேரம், யாருடைய நாய் என்று எழுதுவேன். வருஷக்கணக்கில் எழுதி வந்தால் ஒரு விஷயம் தெரியவரும். நாய்க்கடி என்பது இடி விழுவது மாதிரி எங்கேயோ எப்போதோ விழுவதில்லை. அதற்கு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆளும் இருக்கிறது.

முதலில் ஆள். கடிபடுகிறவர்களில் பிள்ளைகள் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்லுகிறது. விசர்நாய் என்று சந்தேகப்படும் மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள். பிள்ளை குள்ளம், நாயின் வாய்க்கு நேராகப் பிள்ளையின் முகமும் கையும் இருக்கிறது. பெரியவருக்குக் கெண்டைக்காலில் விழும் கடி பிள்ளைக்குக் கன்னத்தில் விழுகிறது. இது ஏன் ஆபத்து என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது நேரமும் இடமும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து, தாயும் தகப்பனும் மலையிலிருந்து இறங்காமல் இருக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரம். இருட்டோடு பெரட்டுக்குப் போகிற நேரம், பக்கத்து லயத்து நாய்கள் வாசலில் படுத்திருக்கும். இரவில் கடைப்பக்கம் போய்த் தள்ளாடிக்கொண்டு வருகிற நேரமும் உண்டு, அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நாய்க்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. திருவிழா, கல்யாணம் என்று ஆடு கோழி வெட்டிய மறுநாள், கானில் போட்ட எலும்புக்கு நாய்கள் சண்டை பிடிக்கும். அதை விலக்கப் போனவருக்குக் கடி. குட்டி போட்ட நாய் லயத்துக் கோடியில் விறகுக்குப் பின்னால் படுத்திருக்கும். குட்டி பார்க்கப் போன பிள்ளைக்குக் கடி.

மூன்றாவதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். "எங்கேயிருந்தோ வந்த வெறிநாய்" கடித்தால் உடனே ஓடி வருகிறார்கள். ஆனால் கொப்பியைப் புரட்டினால், கடித்தது பெரும்பாலும் தெரிந்த நாய்தான். நம்ம லயத்து ஜிம்மி, பக்கத்து வீட்டு மணி, பிள்ளைகள் தூக்கி வந்த குட்டி. தெரிந்த நாய் கடித்தால் நாம் பிந்துகிறோம். குட்டி கடித்தால் இன்னும் பிந்துகிறோம். பிள்ளை ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் நமக்குத் தெரியவே தெரியாது. விசர் பிடித்த தாய்நாயோ வேறு நாயோ கடித்த குட்டிக்கும் விசர் வரும். குட்டிக்குப் பால் பல் என்பதால் அதன் எச்சிலில் விஷம் இல்லை என்று ஆகாது.

நாய் மட்டுமா? மனிதருக்கு இந்த நோய் வருவதில் 100க்கு 99 நாயால்தான். ஆனாலும் பூனை, கீரி, நரி, மரநாய், குரங்கு கடித்தாலும் காட்டத்தான் வேண்டும். பகலில் பயமில்லாமல் லயத்துக்குள் நுழைந்து ஆளைக் கடிக்கிற கீரியோ மரநாயோ சாதாரண நிலையில் இல்லை. அட்டைக் கடியால் இந்த நோய் வராது, அந்தக் கவலை வேண்டாம்.

மாடு வளர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் இந்த நோய் வரும். மாடு எச்சில் வடிக்கும், தீனி தின்னாது, குரல் மாறிக் கத்தும். கிழங்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து வெறுங்கையை வாய்க்குள் விடுவோம். விடாதீர்கள். கால்நடை வைத்தியருக்கு ஆள் அனுப்புங்கள். அந்த மாட்டின் பாலையும் எடுக்க வேண்டாம். முன்பே பச்சையாகக் குடித்திருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். காய்ச்சிக் குடித்த பாலால் நோய் வராது.

எச்சிலிலிருந்து மூளைக்கு

இந்த நோயின் கிருமி மிருகத்தின் எச்சிலில் இருக்கிறது. பல் பட்ட காயம், ரத்தம் கசிந்த நகக்கீறல், ஏற்கெனவே இருந்த வெட்டுக்காயம், கண், வாய் இவை வழியாக அது உள்ளே போகும். நல்ல தோலில் எச்சில் பட்டால் கழுவினால் போதும். உள்ளே போன கிருமி ரத்தத்தோடு ஓடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறும். கீழ்க்கணக்கிலிருந்து குறுக்குப் பாதையில் ஸ்டோருக்கு ஏறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் கடித்தால் வழி நீளம். முகத்தில், கழுத்தில் கடித்தால் ஸ்டோர் வாசலிலேயே நிற்கிறது. விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் நரம்பு அதிகம், ஆகையால் அங்கே சின்னக் கடியும் பெரிய கடிதான். பிள்ளையின் முகத்துக் கடி ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும்.

கடிபட்ட நாளிலிருந்து நோய் வெளிப்பட பெரும்பாலும் இரண்டு மூன்று மாசம் ஆகும். சிலருக்கு ஒரு கிழமையிலும் வரலாம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கிற அவகாசம். தடுப்பூசி போட்டால், கிருமி மூளைக்குப் போய்ச் சேருமுன் உடம்பு அதற்கு எதிராக ஆயத்தமாகிவிடும். "கடிச்சி ஒரு மாசமாச்சி, ஒண்ணும் ஆகலியே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மாசம் கடந்திருந்தாலும் போய்க் காட்டுங்கள். பிந்திவிட்டது என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பீலியும் சவர்க்காரமும்

கடிபட்டவுடன் முதல் வைத்தியம் டாக்டரிடம் இல்லை, பீலியில் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, காயத்தைப் 15 நிமிஷம் கழுவ வேண்டும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமே போதும். இந்தக் கிருமியின் மேல் ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்துவிடும். 15 நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். பிள்ளை அழும், பார்க்கிறவர்கள் "போதும் விடுங்க" என்பார்கள். ஒரு பானை தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு கழுவுங்கள். பிறகு டெட்டோலோ அயடீனோ இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் பரவாயில்லை, அதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

காப்பித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சுருட்டுச் சாம்பல் இவை எதையும் காயத்தில் வைக்காதீர்கள். புண்ணை எரிச்சலாக்கி, கழுவ முடியாமல் செய்வதுதான் இவை செய்யும் வேலை. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மந்திரித்து நூல் கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும், அவரவர் நம்பிக்கை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து கட்டுங்கள். நூல் கட்டி மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பிள்ளையின் விரலையும் டிஸ்பென்சரிக் குழாயில் கழுவினோம். எட்டு நாள் கழிந்த காயத்தைக் கழுவி என்ன பயன் என்று தாய் கேட்டார். பிந்தினாலும் கழுவத்தான் வேண்டும். பிறகு சீட்டெழுதி, தோட்டத்து வேனில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எங்கள் டிஸ்பென்சரியில் இந்த ஊசி இல்லை. அந்தப் பிள்ளை மட்டும் போனால் போதாது, அண்ணனும் தகப்பனும் போக வேண்டும் என்றேன். தகப்பன் கவ்வாத்து வெட்டுகிறவர், கை நிறைய சின்னச் சின்ன வெட்டுக்காயம். அந்தக் கையைத்தான் குட்டியின் வாய்க்குள் விட்டிருக்கிறார்.

தொப்புளைச் சுற்றி ஊசியா?

அந்தத் தகப்பனை மலையிலிருந்து கூட்டி வந்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்: "ஐயா, வயித்துல இருபத்தொரு ஊசி போடுவாங்களாமே? எங்க தாத்தாவுக்குப் போட்டாங்களாம்."

தாத்தா சொன்னது பொய் இல்லை. முன்பு மிருகங்களின் மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசியை வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். வேதனையாக இருக்கும், சிலருக்கு வேறு கோளாறும் வரும். 1990களில் நம் நாட்டில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது வேறு ஊசி, கையில் போடுவது. தோலுக்குள் சின்னதாகப் போட்டால் எறும்பு கடித்த அளவுதான் வலி. பொதுவாக முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 30ஆம் நாள் என்று வரச் சொல்வார்கள். ஆளுக்கும் காயத்துக்கும் ஏற்ப இது மாறலாம். உங்கள் கார்டில் என்ன திகதி எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

காயம் முகத்தில், விரலில், அல்லது ஆழமாக இருந்தால் சீரம் என்று இன்னொரு மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க சில நாள் எடுக்கும். அதுவரை காவல் நிற்பது இந்த சீரம். இது எல்லாச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் அனுப்பிப் போட்டார்கள்.

கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த ஊசி போடலாம். பத்தியம் எதுவும் இல்லை; வழக்கம்போல் சாப்பிடலாம்.

இந்தத் தடுப்பூசியின் கதை பழையது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி, பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி, விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டு அவன் பிழைத்துக்கொண்டான். பாஸ்டர் இறந்த திகதியான செப்டெம்பர் 28ஐ இன்று உலக விசர்நாய்க்கடி நோய் தினமாக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 1973இல் ஒரே வருஷத்தில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அண்மைய வருஷங்களில் அது வருஷத்துக்கு 20, 30 பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்க்கு ஊசி, மனிதருக்கு ஊசி, இரண்டும் சேர்ந்து செய்த வேலை. இன்னும் இறக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஊசி போடப் போகாமலே இருந்தவர்கள்.

ஏன் போகவில்லை? தோட்டத்தில் இருக்கிற நமக்கு இதற்கு விடை தெரியும். போனால் ஒரு நாள் பேர் போகும். பஸ் காசு வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஆஸ்பத்திரியில் பாஷை விளங்குமா என்ற பயம் வேறு. இதெல்லாம் சும்மா சாட்டு இல்லை, உண்மையான கஷ்டம். அதனால்தான் சொல்கிறேன், கடிபட்ட வீட்டை மட்டும் குறை சொல்லாமல் லயமே உதவ வேண்டும். பிள்ளை மடுவத்து ஆயாவிடம் குழந்தையை விட்டுப் போகலாம். வேன் வேண்டுமென்றால் தலைவர் போய் ஆபீசில் பேசலாம். பக்கத்து வீட்டில் சிங்களம் தெரிந்த தம்பி ஒருவன் கூடப் போகலாம்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள்

கடித்த நாயைக் கோபத்தில் அடித்துக் கொன்று ஆற்றில் வீசிவிடுவது நம் பழக்கம். அதோடு நமக்குத் தேவையான சாட்சியும் போய்விடுகிறது. நாயைப் பாதுகாப்பாகக் கட்டிவைத்தோ அடைத்தோ 14 நாள் கவனிக்க வேண்டும். தீனியும் தண்ணீரும் தூரத்திலிருந்து தள்ளிவையுங்கள். 14 நாள் கழித்தும் நாய் நல்லபடி இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். மிச்ச ஊசி வேண்டுமா இல்லையா என்பதை அப்போது டாக்டர் சொல்வார். நாயைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முதல் நாளே போக வேண்டும். நாயைப் பற்றிய விபரத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

விசர் நாய் என்றால் வாயில் நுரை தள்ளி, தெருவெல்லாம் ஓடி எல்லோரையும் கடிக்கும் என்று நினைக்கிறோம். அது ஒரு வகை. இன்னொரு வகை சத்தமில்லாதது. நாய் இருட்டில் ஒதுங்கிப் படுக்கும், தாடை தொங்கிவிடும், எச்சில் வடியும், விழுங்க முடியாது, குரல் மாறிவிடும். எலும்பு மாட்டிக்கொண்டது என்று நாம் ஏமாறுவது இந்த வகையில்தான்.

நாய் செத்துவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். தலையை ஐஸ் வைத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினால் விசரா இல்லையா என்று சோதித்துச் சொல்வார்கள். அந்த மரக்கறித் தோட்டத்துக் குட்டியைத் தோண்டியெடுக்கலாமா என்று தகப்பன் கேட்டார். எட்டு நாளாக மண்ணுக்குள் கிடந்ததில் சோதிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. விசர் என்றே எடுத்துக்கொண்டு மூன்று பேருக்கும் ஊசி தொடங்கினார்கள்.

லயத்து நாய் யாருடைய நாய்?

நாய்களில் 100க்கு 70க்குத் தடுப்பூசி போட்டால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிற சங்கிலி அறுந்துபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் தோட்டங்களில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசி போட வருகிறார்கள்; கேட்டால் "அது எங்க நாய் இல்லீங்க" என்பார்கள். சோறு போடுவது நாலு வீடு, காவல் கிடப்பது லயம் முழுக்க, இரவில் பன்றி விரட்டுவது எல்லோருடைய மரக்கறிக்கும். ஊசி நாளில் மட்டும் நாய்க்கு ஆள் இல்லை.

அதோடு, ஊசி நாளில் எல்லோரும் மலையில் இருப்பார்கள், நாயைப் பிடிக்க ஆள் இல்லை. ஊசி போட வருகிறவருக்கு நாய் கிட்ட வராது. கால்நடை வைத்திய அலுவலகத்திலோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ முன்கூட்டியே பேசி, வேலை இல்லாத நாளில் வரக் கேட்டுப் பார்க்கலாம். சோறு போடுகிறவரே நாயைப் பிடிக்க வேண்டும். அவர் கையில்தான் அது நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும். குட்டிக்கு எப்போது முதல் ஊசி என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாயின் ஊசிக் கார்டைப் பிள்ளைகளின் கிளினிக் கார்டோடு ஒரே பையில் வையுங்கள். வேண்டாத பெட்டைக் குட்டிகளைக் கோயில் பக்கமும் பாடசாலைப் பக்கமும் கொண்டுபோய் விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் குட்டியைத்தான் வேறொரு பிள்ளை தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. குட்டி போடாமல் செய்கிற சிகிச்சை எப்போது நடக்கிறது என்று அதே அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அந்தக் குடும்பத்தின் கதையில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இருவரும் கார்டுத் திகதி தவறாமல் போனார்கள். தகப்பன் 7ஆம் நாள் போகவில்லை. கவ்வாத்து முடிக்கிற அவசரம் என்றார். மறுநாள் காலையில் அவருடைய மனைவி கூடையை எடுக்காமல் வாசலில் உட்கார்ந்துகொண்டாராம். "நீங்க போனாத்தான் நான் மலைக்குப் போவேன்." போய்விட்டு வந்தார். ஒரு நாள் பிந்தியதற்காக முதலிலிருந்து தொடங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டார்கள். 30ஆம் நாள் ஊசி முடிந்த கையோடு மூன்று கார்டையும் கொண்டுவந்து என் மேசையில் விரித்துக் காட்டினார். இரண்டு வருஷம் கடந்துவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது என்னைக் கண்டால் கையை மறைப்பதில்லை.

கூடிப் பேசுவதற்கு

மாதர் சங்கக் கூட்டத்திலோ லயத்து வாசலிலோ இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள். பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் உங்கள் லயங்களையும் பீலியையும் பாடசாலைப் பாதையையும் வரையுங்கள். கடந்த ஒரு வருஷத்தில் யார் யார் எந்த இடத்தில் கடிபட்டார்கள் என்று புள்ளி வையுங்கள். புள்ளிகள் எங்கே கூடியிருக்கின்றன? அந்த இடத்தில் என்ன இருக்கிறது? உங்கள் லயத்தில் எத்தனை நாய், அவற்றில் எத்தனைக்கு இந்த வருஷம் ஊசி போட்டாச்சு? உங்களுக்குக் கிட்ட இருக்கிற எந்த ஆஸ்பத்திரியில் இந்த ஊசி போடுகிறார்கள், இரவில் போக வேண்டுமென்றால் வாகனம் யாரிடம் கேட்பது?

கடைசிக் கேள்வியைப் பெரியவர்கள் கேட்க வேண்டாம். பிள்ளைகளை உட்கார வைத்து, ஏசாமல், "நாயோ பூனையோ பல்லு பட்டு நீங்க வீட்டுல சொல்லாம விட்டது இருக்கா?" என்று ஆயாவையோ டீச்சரையோ கேட்கச் சொல்லுங்கள்.